கம்பு வைக்காத இறக்கை

பக்கீர் முஹம்மது உயிரோடு இருந்தவரை ஊர் அவரை 'பிளேன் பாய்' என்று கூப்பிட்டது. கூப்பிட்டுவிட்டுச் சிரித்தது. இறந்த பிறகு ஃப்ளெக்ஸ் வைத்தது.

கூனிமேட்டிலிருந்து மரக்காணம் போகும் சாலையில், உப்பளங்கள் தொடங்கும் திருப்பத்தில் அது நின்றது. 'உப்பு மண்ணிலிருந்து விண்ணுக்கு' என்று மேலே எழுத்து. நடுவில் அவர் முகம். பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியதில் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. அதைவிடப் பெரிதாக உப்பள முதலாளி பாலகுருவின் முகம், கூப்பிய கைகளோடு. கீழே, வெள்ளிக்கிழமை மாலை தந்தை கட்டிய விமானத்தை மகன் தவுசீப் ஓட்டுகிறார், அனைவரும் வருக.

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹம்னா அதைப் படித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். வெயிலில் திரும்பி நடந்து வந்து நின்று இன்னொரு முறை படித்தாள். தம்பி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது தவுசீப் முன்னறையில் ஹெல்மெட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். பைக் ஹெல்மெட்.

"ரோட்ல ஒண்ணு வெச்சிருக்கியே, அது என்னா?"

"நான் வெக்கல. பாலகுரு அண்ணன் வெச்சாரு. நல்லா வந்திருக்குது இல்ல?"

"அத்தா மூஞ்சி பூந்தி கொட்டி வெச்ச மாதிரி இருக்குது."

"தூரத்துல இருந்து பாத்தா சரியா இருக்கும்க்கா."

"உனக்கு பிளேன் ஓட்டத் தெரியுமா?"

"துபாய்ல கிளப்புல போயி ஓட்டியிருக்கேன். உனக்கே தெரியும்."

"பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான்."

"ஆமா. சொல்லிக் குடுக்குறவன்."

"அத்தா பிளேன்ல ஒரு சீட்டு தான் இருக்குது."

தவுசீப் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினான். "எனக்கு ஒண்ணு போதும்."

"பர்மிஷன் யார்கிட்ட வாங்கின?"

"அவரு நெலம், அவரு பாத்துக்குறேன்னு சொல்லிட்டாரு."

"மேல இருக்குற வானமும் அவரு பட்டாவா?"

உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது. அம்மா உம்மு சல்மா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது. வைகாசியில் பக்கீர் பாய் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் ஆகிவிட்டது. துபாயிலிருந்து தவுசீப் வந்து சேர்ந்தபோது கபர் மேல் தெளித்த தண்ணீர்கூடக் காய்ந்திருந்தது.

"நான் அத்தாவுக்கு ஒரு பிடி மண்ணு போடல" என்றான் இப்போது, தலையை நிமிர்த்தாமல். "இதையாவது செய்றேன். விடு."

ஹம்னா விடுவதாக இல்லை.

பக்கீர் முஹம்மதுவுக்குத் தெரிந்த தொழில் பெட்டி செய்வது. வாலிபத்தில் ஆரோவில்லில் ஒரு மரவேலைக் கூடத்தில் சேர்ந்தார். மெல்லிய பலகையை வளைத்து ஒட்டுவதை அங்கே பழகினார். கல்யாணமான கையோடு ஷார்ஜா. விமான உதிரிப் பாகங்களை அனுப்பும் கம்பெனி ஒன்றில், பாகத்துக்குத் தகுந்த மரப்பெட்டி அடிக்கும் வேலை. இறக்கையின் முனை, வாலின் மடிப்பு, கதவு. எது வந்தாலும் அதன் வளைவை அளந்து, அது ஆடாமல் அசையாமல் உட்காரும்படி பெட்டி செய்வார். செய்த பெட்டியை எடை போட்டு, எடையைத் தன் கையாலேயே பெட்டி மேல் எழுதுவார். அவர் எழுதிய எண்ணை நம்பித்தான் சரக்கு விமானத்தில் ஏற்றினார்கள். விமானத்தைத் துண்டு துண்டாகத் தொட்டுத் தொட்டு அவருக்கு வயதானது. முழு விமானத்துக்குள் அவர் ஏறியது லீவில் ஊருக்கு வரும்போது மட்டும்.

சர்க்கரை முற்றி இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கம்பெனி ஒரு வழி டிக்கெட் போட்டுக் கொடுத்தது. கைத்தடியோடு வந்து இறங்கினார். அடுத்த மாதமே மரத்தில் ஒரு சின்ன விமானம் கட்டப்போவதாகச் சொன்னார். உம்மு சல்மா முதலில் காய்ச்சல் என்று நினைத்தாள்.

பள்ளிவாசல் தெரு டீக்கடைக்கு அது பல மாதத் தீனி.

"பாய், பிளேனு நேரா ஹஜ்ஜுக்கா, இல்ல பாண்டிச்சேரில நின்னு போவுமா?"

"உம்மரு வந்தா ஏத்திக்குவீங்களா பாய், அவன் தொண்ணூறு கிலோ."

"பெட்ரோல் தீந்தா இன்சுலின் ஊத்திக்கலாம்."

அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைப்பார். ஹம்னாவுக்கு அந்தத் தட்டு ஞாபகம் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருந்தது. அந்த முகங்களில் பாதி இப்போது ஃப்ளெக்ஸின் அடியில் வட்ட வட்டமாக, 'இவண்' என்று போட்டு இருந்தன.

விமானம் கட்டத் தோதாக இடம் கொடுத்தவர் பாலகுரு. மழைக்காலத்தில் பாதி காலியாகக் கிடக்கும் உப்புக் கிடங்கின் ஒரு பக்கம். கொடுத்ததை அவர் எல்லோரிடமும் சொன்னார். சொல்லாத நாள் இல்லை.

வெளிநாட்டிலிருந்து தருவித்த வரைபடத்தில் உடல் ஒன்று, இறக்கை இரண்டு விதம். எது வேண்டுமோ அதைக் கட்டிக்கொள்ளலாம். முதலாவது, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அகலம். உள்ளே விலா எலும்பு போல வரும் மரச்சட்டங்கள் எல்லாம் ஒரே அச்சு. இறக்கையின் நடுவிலிருந்து விமானத்தின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் சாய்வாக ஒரு கம்பு இறங்கும். காற்று தூக்கும் பாரத்தில் பெரும்பங்கை அந்தக் கம்பு வாங்கிக்கொள்ளும். வேகம் மிகக் குறைந்து காற்றின் பிடி விட்டால் இறக்கை முதலில் உடலை ஒட்டிய இடத்தில்தான் தளரும், முனையில் இல்லை. மூக்கைத் தாழ்த்தி, ஓட்டுகிறவனுக்கு ஒரு எச்சரிக்கை கொடுக்கும். இரண்டாவது இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறுகும். கம்பு கிடையாது. முழுப் பாரமும் இறக்கைக்குள் ஓடும் உத்தரத்தின் மேல். ஸ்பார் என்பார்கள். தளரும்போது நுனி முதலில் தளர்ந்து ஒரு பக்கமாகக் கவிழ்த்துவிடக்கூடும். ஆனால் அழகு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

ஹம்னா ஒரகடம் பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில் இன்ஜினியர். வண்டிப் பாகங்களை உடையும்வரை அழுத்தி, எங்கே எப்போது உடைந்தது என்று சொல்வது அவள் வேலை. வரைபடத்தைப் பார்த்த அன்றே முதலாவது என்றாள். அதற்கு அப்பால் யோசிக்கவே ஒன்றும் இல்லை என்றாள்.

"அதுல கம்பு வருதும்மா" என்றார் போனில்.

"கம்பு வர்றதுனால தான் அத சொல்றேன் அத்தா."

"நான் வேலை செஞ்ச எடத்துல ஒரு பிளேனுக்கும் கம்பு பாத்ததில்ல."

"அது அலுமினியம். ஆயிரம் பேர் சேந்து கட்டுறது. நீங்க ஒரு ஆளு, ஒரு கிளாம்பு."

"ரெண்டு கிளாம்பு."

"அத்தா."

அவர் சொன்னார், "நான் ஊனிக்கினு நடக்குறேன். அது ஊனாம நிக்கட்டும்."

ஒரு இன்ஜினியர் இதற்கு என்ன பதில் சொல்வாள். கணக்கைச் சொன்னாள். காற்று ஒரு உலுக்கு உலுக்கினால் இறக்கை மேல் வரும் பாரம் மூன்று மடங்காகும், நான்கு மடங்காகும், அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். எல்லாம் கூட்டினால் ஆயிரம் கிலோ. ஆயிரம் கிலோ தாங்கும் என்று காட்டினால் எந்த இறக்கை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், காட்டாமல் ஒருத்தரும் அதில் உட்காரக் கூடாது என்றாள். அவர் சரி என்றார். இரண்டாவது இறக்கையைத்தான் கட்டினார். நுனிக்குப் போகப் போக அளவு மாறும் விலாக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்தார். சொன்னபடி சோதனையும் செய்தார். மாசியில், கிடங்குக்கு வெளியே, ஊர் பார்க்க.

அந்த சோதனையின் வீடியோ ஹம்னாவின் போனில் இருந்தது. அவர் இறந்த பிறகு அதை அவள் திறக்கவே இல்லை. தவுசீப்போடு சண்டை போட்ட மறுநாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமையை நிறுத்த ஏதாவது வழி கிடைக்குமா என்று திறந்தாள். முதல் தடவை அத்தாவின் குரல் மட்டும்தான் அவள் மனசில் ஏறியது. இரண்டாம் தடவைதான் படம் தெரிந்தது.

பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து தூக்கும். அதனால் சோதனையில் இறக்கையைக் கவிழ்த்து, நடுப்பகுதியை ஒரு சட்டத்தில் முடுக்கி, இரண்டு பக்கமும் சரிசமமாக மேலே பாரம் ஏற்றுவார்கள். ஊர்ச் சோதனைக்கூடம் கல்லோ மணலோ தேடவில்லை. பாலகுருவின் உப்பு மூட்டைகள். மூட்டைக்கு ஐம்பது கிலோ, இருபது மூட்டை, ஆயிரம். பக்கீர் பாய் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் இடம் காட்டிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் குப்பம்மாளும் சடையப்பனும் மூட்டைகளை ஏற்றினார்கள்.

"ஏம்பா பாய், கவுத்துப் போட்டிருக்கியே, இது மேல போவுமா பூமிக்குள்ள போவுமா?" என்றாள் குப்பம்மாள். சிரிப்பு.

"மெதுவா வை தாயி. எம் பொண்ணு பாக்கப் போறா, அவ ரொம்ப கண்டிப்பு."

இருபதாவது மூட்டை ஏறியதும் கைதட்டல். இறக்கை வளைந்து நின்றது. விரிசல் இல்லை. அவர் கேமராவைப் பார்த்து, "இன்ஜினியரம்மா, போதுமா?" என்றார்.

ஹம்னா அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். குப்பம்மாளை மட்டும் பார்த்தாள். குப்பம்மாளுக்கு அறுபதுக்குக் குறையாது. அவள் தனியாக மூட்டையைத் தூக்கினாள். இடுப்பில் முட்டுக் கொடுக்காமல், பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தூக்கி இறக்கை மேல் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே. மூட்டை முடிச்சுக்குக் கீழே சாக்கு தொளதொளவென்று மடிந்து தொங்கியது.

ஐம்பது கிலோவை யாரும் பேசிக்கொண்டே தூக்குவதில்லை.

அவள் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் கிடங்குக்குப் போனாள். விலை போகாத அந்த மூட்டைகள் சுவரோரம் அப்படியே கிடந்தன. போன வருஷப் புயலில் கிடங்குக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகும் அந்த மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்து, கசிந்து, உப்பு கரைந்து தரையோடு ஓடியிருக்கிறது. சாக்கின் மேல் நீல மையில் பெரிதாக 50. மாசியில் புது உப்பு வாரத் தொடங்கவில்லை. இவைதான் சும்மா கிடந்தன. இவற்றைத்தான் கொடுத்தார்கள். கிடங்கின் வாசலில் எடை மேடை இருந்தது. சோதனை நடந்த இடத்திலிருந்து முப்பதடி தூரம்தான்.

முதல் மூட்டை முப்பத்தெட்டு. அடுத்தது முப்பத்திநாலு. அடுத்தது முப்பத்தாறு. மாசிக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனாலும் ஐம்பதாக அது ஒருபோதும் இருந்திருக்காது. ஆயிரம் என்று அவர் நினைத்தது எழுநூற்றுச் சொச்சம்.

சத்தம் கேட்டுப் பாலகுரு வந்தார். கதர் சட்டை, காதில் ப்ளூடூத்.

"என்னம்மா, லோடு எறக்குறியா?"

"இது அம்பது கிலோவா அண்ணே?"

"மூட்டைன்னா அம்பது தான். எழுதியிருக்குது பாரு."

"எழுதினது சாக்கு மேல. எடை சாக்குக்குள்ள இருக்கணும். அது இல்ல."

"அட, பழைய உப்பு, கொஞ்சம் கொறையும். பாயிக்கு ஒரு ஆசை, கேட்டாரு, குடுத்தேன். ஒரு பைசா வாங்கல. இப்ப வந்து எடை போட்டுப் பாக்குற."

"அன்னிக்கே போட்டிருந்தா நான் ஏன் வந்து போடறேன்?"

அவர் ப்ளூடூத்தில் யாருக்கோ பதில் சொல்லியபடி நகர்ந்துவிட்டார். குப்பம்மாள் பாத்தி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஹம்னா அவள் எதிரில் போய் நின்றாள்.

"அன்னிக்கு மூட்டை லேசா இருந்துது இல்ல?"

"எந்த அன்னிக்கு கண்ணு?"

"ரெக்கை மேல ஏத்தினீங்களே."

"ஓ, அதுவா. லேசா தான் இருந்துது. பஞ்சு மாதிரி."

"ஏன் சொல்லல?"

குப்பம்மாள் நிஜமாகவே யோசித்தாள். "கூலி மூட்டைக்கு தானே கண்ணு. கனமா இருந்தா திட்டுவோம். லேசா இருந்தா வாய மூடிக்கினு தூக்குவோம். லேசா இருக்குதுன்னு எவளாச்சும் போயி சொல்லுவாளா?"

"அதுல எங்க அத்தா ஏறப் போறாங்கன்னு தெரியும் இல்ல?"

"பாயி கேக்கலியே. பாயும் இந்த ஊர் ஆளு தானே, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவள் மேல் கோபப்பட ஹம்னாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் கோபம் போக வேண்டிய இடத்துக்கே, அத்தாவிடமே போனது. ஷார்ஜாவில் அவர் பெட்டி மேல் எழுதிய எண் உண்மையாக இருந்தது. ஆகவே எழுதிய எண் எல்லாம் உண்மை. மில்லிமீட்டர் பிசகாமல் விலா செதுக்கியவர் முப்பதடி நடந்து ஒரு மூட்டையை மேடையில் வைக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரிடம் கத்தியிருக்கலாம். கத்த ஆள் இல்லை. ஆள் இல்லாமல் போனதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

தவுசீப் நம்பவில்லை. நம்பினான், ஏற்கவில்லை.

"எழுநூறு தாங்கிச்சு இல்ல? நான் என்ன சர்க்கஸா பண்ணப் போறேன்? நேரா போயி நேரா எறங்கப் போறேன்."

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல உப்பளத்துக் காத்து எப்படி அடிக்கும்னு உனக்குத் தெரியாதா? துபாய்லயே பொறந்தியா?"

"ஆயிரமும் தாங்கும். அத்தா கை அது."

"தாங்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அத்தாவுக்கும் தெரியாது."

"நீ அத்தாவ எப்பவுமே நம்பல."

"நான் மூட்டைய நம்பல."

"ரெண்டும் ஒண்ணு தான். உயிரோட இருக்கசொல்லவும் நொட்டை சொன்ன. செத்த பின்னாடியும் சொல்ற. ஊரே தலைல தூக்கி வெச்சிருக்குது, உனக்குப் பொறுக்கல."

"இந்த ஊரா? டீக்கடைல இன்சுலின் ஊத்தச் சொன்ன ஊரா?"

"எது பேசினாலும் ஊர இழுக்காத."

"நீ அந்தப் பிளேன்ல ஏறுனா, ரெக்கைய நானே கோடாலியால வெட்டுவேன். பாத்துக்கோ."

"வெட்டேன். நீ செய்வ."

"தவுசீப்."

உள்ளறையிலிருந்து வந்த குரல் உயரவில்லை. இரண்டு பேரும் கதவருகே போய் நின்றார்கள். உம்மு சல்மா வெள்ளைத் துணியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தஸ்பீஹ் மடியில் கிடந்தது.

"அந்த மூட்டைய ஒழுங்கா எடை போட்டு, மறுபடி ஏத்துங்க. ஒடஞ்சா ஒடையட்டும். ஒடையலன்னா பறக்கட்டும்."

"அம்மா, ஒடஞ்சிட்டா அத்தா கட்டுனது..."

"இந்த வீட்டுக்கு ஒரு ஜனாஸா போதும்."

மணி மறுபடி உருள ஆரம்பித்தது.

தவுசீப் ஒப்புக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. ஊர் பார்க்க, அதே வெள்ளிக்கிழமை, அதே இடத்தில். தாங்கிவிட்டால் அக்கா எல்லோர் முன்னாலும் கைதட்ட வேண்டும். தாங்கும் என்று அவன் முழுசாக நம்பினான். பாலகுருவுக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு, அதுவும் ஒரு நிகழ்ச்சிதானே, அச்சடித்தது வீணாகாது என்று மைக் செட் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் வந்தது. கூனிமேட்டிலிருந்து பைக்குகள், பிரம்மதேசம் பக்கமிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆள். வெள்ளைக் குவியல்கள் மேல் தார்ப்பாய் படபடத்தது. விமானத்தின் உடல் ஓரமாக நின்றது, தோள் இல்லாத ஆள் மாதிரி. இறக்கை கவிழ்ந்து சட்டத்தின் மேல் கிடந்தது.

புது உப்பு. ஒவ்வொரு மூட்டையையும் ஹம்னா எடை மேடையில் வைத்து, கூடக் குறைய அள்ளிப் போட்டு, சரியாக ஐம்பது வந்ததும் சாக்கில் கரியால் ஒரு கோடு இழுத்தாள். முதல் மூட்டையைத் தூக்கக் குனிந்த குப்பம்மாள் நிமிர்ந்து, "டேய் சடையப்பா, அந்தப் பக்கம் புடி" என்றாள். இரண்டு பேரும் தள்ளாடிக்கொண்டு போய் வைத்தார்கள். "இது மூட்டை" என்றாள் மூச்சு வாங்க.

மைக்கில் பாலகுரு எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. இறக்கையின் நுனிகள் மெல்லக் கீழே போயின. ஹம்னா நுனிக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை நட்டு, அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தவுசீப் ஹெல்மெட்டை அக்குளில் வைத்து எதிர்ப்பக்கம் நின்றான். பத்து மூட்டையில் யாரோ விசில் அடித்தார்கள். பன்னிரண்டில் மரம் ஒரு சின்ன சத்தம் கொடுத்தது, விரல் சொடுக்கு மாதிரி. ஹம்னா கையைத் தூக்கி நிறுத்தினாள். காத்திருந்தாள். அளவுகோலில் அசைவில்லை. கையைக் கீழே விட்டாள்.

பதினாலு. இத்தனை நாளில் அந்த இறக்கை உண்மையில் சுமந்திருந்த பாரம் அவ்வளவுதான், அதற்குக் கொஞ்சம் மேலே கீழே. இனி வருவது ஒருவருக்கும் தெரியாத இடம். தாங்கு என்று அவள் மனசுக்குள் சொன்னாள். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கைதட்ட வேண்டியிருந்தால் தட்டிவிட்டுப் போகிறேன், தாங்கித் தொலை.

பதினைந்தாவது மூட்டையை வலது பக்கம் வைத்துவிட்டு சடையப்பன் கையை எடுத்தான். சத்தம் துப்பாக்கி மாதிரி இல்லை. பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி. வலது இறக்கை உடலை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் மடிந்து, மூட்டைகள் சரிந்து உருண்டன. ஒரு சாக்கு வெடித்து உப்பு கொட்டியது.

பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. "அப்பன் கட்டினத பொண்ணே ஒடச்சிட்டா பாரு."

ஹம்னா திரும்பினாள். "யாரு சொன்னது? முன்னாடி வந்து சொல்லுங்க."

யாரும் வரவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாலகுரு தொண்டையைச் செருமினார். அவள் அவர் கையிலிருந்து அதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே பயமாக இருந்தது. உடைந்த இடத்துக்குப் போய் மண்டி போட்டாள்.

வேலை அது. எங்கே உடைந்தது, எப்படி உடைந்தது. அழுத்தம் வாங்கும் சட்டம் முதலில் நொறுங்கியிருந்தது, பிறகு மற்றது கிழிந்திருந்தது. முதலாவது இறக்கையில் கம்பு பிடித்திருக்கும் இடத்துக்கு உள்பக்கம். கம்பு இருந்திருந்தால் இந்தப் பாரம் இங்கே வந்தே இருக்காது. ஒட்டு விட்டிருக்கிறதா என்று தேடினாள். பிசினில் குமிழி, காய்ந்த ஒட்டு, இடைவெளி, ஏதாவது. ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஒட்டிலும் மரம்தான் நார் நாராகக் கிழிந்திருந்தது, பிசின் பிடியை விடவில்லை. சோதனைக் கூடத்தில் இப்படி ஒரு ஒட்டை அவள் பார்த்ததில்லை. கையால் வருடிப் பார்த்தாள். கை தப்பு செய்யவில்லை. ஊனக் கூடாது என்ற பிடிவாதம் செய்தது. அந்தப் பிடிவாதத்துக்கு 50 என்ற நீல மை தைரியம் கொடுத்தது.

கூட்டம் கலைய நேரம் எடுக்கவில்லை. தவுசீப் வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் பக்கத்தில் கிடந்தது. கடல் காற்று ஏறி, உப்புத்தூள் முகத்தில் அடித்தது. காலியான உடல் அந்தக் காற்றுக்கே லேசாக ஆடியது. அவன் அதைப் பார்த்தபடி இருந்தான்.

"ராத்திரி ஈரம் எறங்கும்" என்றான் கடைசியில். "மூடணும்."

இருந்த தார்ப்பாயெல்லாம் உப்புக் குவியல்கள் மேல் கிடந்தது. அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், திருப்பத்து ஃப்ளெக்ஸை அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்து உடைந்த இறக்கை மேல் விரித்து, நான்கு மூலையிலும் அதே மூட்டைகளை வைத்தார்கள். பாலகுருவின் கூப்பிய கை இருந்த பக்கம் தரையில் புரண்டது. ஹம்னா அதன் மேல் ஒரு மூட்டையைக் கூடுதலாகப் போட்டாள்.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது.

"ஒடஞ்சிதா?"

"ஒடஞ்சிது" என்றான் தவுசீப்.

"அல்ஹம்துலில்லாஹ்."

ஹம்னாவுக்கு அன்று முழுக்க அடக்கி வைத்தது அங்கே வந்தது. "எப்படிம்மா சொல்ல முடியுது உன்னால? எத்தன மாசம் அவங்க..."

"எனக்குச் சொல்றியா?" உம்மு சல்மா திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு கிளாம்பு தான் இருந்துது. மூணாவது கிளாம்பு யாருன்னு நெனச்ச? ஒவ்வொரு வெலாவுக்கும் பிசின் காயுற வரைக்கும் ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிக்கினு நான் தான் நின்னேன். கொசு கடிச்சாலும் கைய எடுக்கக் கூடாதும்பாங்க." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "சோறு ஆறுது. சாப்பிடுங்க."

தட்டில் கை வைத்தபோதுதான் ஹம்னாவுக்கு எரிந்தது. உள்ளங்கையில் ஒரு சிராய் ஏறியிருந்தது. வருடிப் பார்த்தபோது ஏறியது. தவுசீப் ஊக்கு ஒன்றை எடுத்து வந்து, போன் வெளிச்சத்தில் அவள் கையைத் திருப்பிப் பிடித்தான்.

"அசையாத."

"நீ குத்தாத."

"சாம்பார்ல விழுந்துடும், அந்தப் பக்கம் நீட்டு." சிராயை வெளியே இழுத்தான். அரை விரல் நீளம், வைக்கோல் நிறம். எறியாமல் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"ஒரு பக்கம் தான் போச்சு" என்றான். "எல்லாம் போகல."

"அது ஆகாது. புதுசா கட்டணும். வரைபடத்துல மொதல்ல இருக்குறத. ஒரே அகலம், கம்பு வெச்சது. அப்புறம் எடை போட்டு ஏத்திப் பாக்கணும். அதுக்கு அப்புறம் பர்மிஷன். அதுக்கு அப்புறம் தான் நீயோ நானோ."

தவுசீப் உள்ளறைப் பக்கம் பார்த்தான். கதவுக்குப் பின்னால் மூலையில் கைத்தடி சாத்தி வைத்தபடியே இருந்தது.

"கம்பு வெச்சா அத்தாவுக்குப் புடிக்காது" என்றான்.

"அவங்க வந்து சொல்லட்டும்" என்றாள் ஹம்னா.